சுந்தரம் அனுப்பிய மருந்து

காஜா பெராங், மலாக்கா
7.4.1957

அன்புள்ள தம்பி கலியாணசுந்தரத்துக்கு,

அக்கா சந்திரமதி எழுதுவது. நீயும் மல்லிகாவும் தோட்டத்துக் கொசுக்கடியைத் தவிர வேறு குறையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சௌக்கியம். அப்பாவைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை.

கன்னத்தின் உள்பக்கம் ஆறாமல் இருந்த புண் புற்றுதானாம். கழுத்துக்கும் இறங்கிவிட்டதாம். கத்தி வைத்துப் பயனில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அவர் எதிரிலேயே சொல்லிவிட்டார்கள். அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். நன்றாகப் பார்த்துக்கொள்வது என்றால் எப்படி என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

நாக்கு புரளாததால் என் பள்ளிக்கூடத்துச் சிலேட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். முதன்முதலில் என்ன எழுதினார் தெரியுமா? 'ரசத்தில் உப்பு இல்லை.' முனிசிபாலிட்டி மண்டோராக ரோட்டு ஆட்களை வேலை வாங்கி மிரட்டிய மிரட்டல் இன்னும் போகவில்லை. ஆனால் வலி வரும்போது சிலேட்டைக் கீழே போட்டுவிடுகிறார். துண்டைச் சுருட்டிப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார். அம்மா செத்தபோதுகூட அழாத மனிதர், தம்பி. என்னால் பார்க்க முடியவில்லை.

நீ தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்சர், மருந்து தெரிந்தவன். எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் மிளகு ரசமும் தைலமும்தான். மூன்று விஷயம் சொல். வாயை எப்படிக் கழுவுவது? வாடைக்கு என்ன செய்வது? வலிக்கு என்ன கொடுப்பது? மூன்றாவதை முதலில் எழுது.

மல்லிகாவுக்கு என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
சந்திரமதி


சுங்கை சிப்புட்
26.4.1957

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கத்துடன் தம்பி எழுதுவது. இங்கே மல்லிகாவும் நானும் நலம். தங்கள் கடிதம் கண்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

வாயை உப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் ஒவ்வொரு வேளையும் கழுவிவிடுங்கள். துணியைச் சுட வைத்த நீரில் அலசி, விரலில் சுற்றி, ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. வாடைக்கு ஒரு தட்டு நிறைய அடுப்புக் கரியைக் கட்டிலுக்கு அடியில் வையுங்கள். அடிக்கடி மாற்றுங்கள். முதுகில் புண் வராமல் இருக்க, பக்கம் மாற்றிப் படுக்க வைத்து, குருத்து வாழை இலையை விரித்து அதன்மேல் படுக்க விடுங்கள்.

வலிக்கு ஆஸ்பிரின் கொடுத்துப் பாருங்கள். அதற்கு மேல் இந்த நோயில் மருந்து என்று ஒன்றும் கிடையாது, அக்கா. பொறுத்துக்கொள்ளும் மனத்தை ஆண்டவன்தான் தர வேண்டும்.

உடனே புறப்பட்டு வர ஆசைதான். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளால் இந்தப் பக்கம் இன்னும் அவசரகாலக் கெடுபிடி தீரவில்லை. பகலெல்லாம் ஆஸ்பத்திரி. சாயங்காலமும் பெரிய துரை பங்களாவில் ஒரு வேலை இருக்கிறது, தட்ட முடியாது. லீவு கேட்டிருக்கிறேன். அப்பாவுக்கு என் நமஸ்காரம் சொல்லுங்கள்.

தங்கள் அன்புத் தம்பி,
கலியாணசுந்தரம்


காஜா பெராங்
12.5.1957

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் இருவரும் நலந்தானே? கரித்தட்டு நல்ல யோசனை. வாடை பாதி குறைந்துவிட்டது. என்னிடம் துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் இப்போது வாசலோடு திரும்பி ஓடுவதில்லை. வாழை இலையும் சரி. உன்னைப் படிக்க வைத்தது வீண் போகவில்லை என்று அப்பா சிலேட்டில் எழுதினார்.

ஆஸ்பிரின் ஒன்றுக்கும் உதவவில்லை. பக்கத்துச் செட்டிக் கம்பத்து அம்மன் கோயில் திருவிழா மேளம் இங்கே வரைக்கும் கேட்டது. அந்தச் சத்தத்தில் தன் முனகல் யாருக்கும் கேட்காது என்று அப்பா வாய்விட்டு முனகினார். மேளம் நின்றதும் நிறுத்திக்கொண்டார். மானம் பார்க்கிற மனிதருக்கு இது எப்பேர்ப்பட்ட தண்டனை.

மூன்று கேட்டேன். இரண்டுக்குத்தான் பதில் எழுதினாய். ஒளிக்காமல் சொல். நீ பார்த்த நோயாளிகள் எல்லோரும் இப்படித்தான் துண்டைக் கடித்துக்கொண்டு போனார்களா?

பதிலை எதிர்பார்த்து,
அக்கா


சுங்கை சிப்புட்
8.6.1957

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அவ்விடத்து நலம் அறிய விரும்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். மலாக்கா போகும் நண்பர் ஒருவரிடம் சத்து டானிக் இரண்டு போத்தலும் ஒரு டின் பால்மாவும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பால்மாவை நீர்க்கக் கரைத்துக் கொடுங்கள்.

ஆகஸ்டு கடைசியில் மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிறது அல்லவா, தோட்டத்திலும் ஏகப்பட்ட மாற்றம். துரைமார்கள் போன பிறகு ஆஸ்பத்திரிப் பொறுப்பு எனக்கு வரலாம் என்று பேச்சு. அப்பாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

அவசரத்தில் முடிக்கிறேன்.
தம்பி


காஜா பெராங்
17.6.1957

என் அன்புத் தம்பிக்கு,

நீயும் மல்லிகாவும் நூறு வயது நன்றாக இருங்கள். ஏன் இவ்வளவு குஷி என்று கேட்கிறாயா? அப்பா நேற்று ஷவரம் செய்துகொண்டார்! நாவிதரைக் கூப்பிடச் சொல்லி அவரே எழுதினார். மீசையை மட்டும் விட்டுவிடச் சொன்னார். கஞ்சி ஒரு கிண்ணம் இறங்கியது. வாசல் பக்கம் நாற்காலி போடச் சொல்லி, போகிற வருகிற சைக்கிளையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் வீட்டுக்குப் பின்னால் சந்தில் காப்பிக் கடை வைத்திருக்கிற சீனக் கிழவரை உனக்குத் தெரியும். நாம் ஆ பெக் என்று கூப்பிடுவோமே, அவர்தான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "பாப்பா பாஞ்ஞா சாக்கிட்?" என்று மலாயில் கேட்டார். அப்பாவுக்கு ரொம்ப வலியா என்று ஒரு மனுஷன் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சாயங்காலம் ஒரு துளி சண்டு கொண்டுவந்தார். ஆமாம், அபின்தான். ஜப்பான்காரன் காலத்தில் அவர் மனைவிக்கு மார்பில் இதே நோயாம். இதை வைத்துத்தான் பார்த்துக்கொண்டாராம். கடுகளவு எடுத்துக் கறுப்புக் காப்பியில் கரைத்து, கரண்டியால் கொடுக்கச் சொன்னார். காசு கொடுக்கப் போனேன், கோபித்துக்கொண்டார். தினமும் நானே போய் அன்றன்றைக்கு வேண்டியதை வாங்கி வருகிறேன். அவர் தன் கடை அடுப்பங்கரைச் சாமிப் பலகைக்குக் கீழே, ஊதுபத்தி டின்னுக்குள் வைத்திருக்கிறார். இதை உன் ஒருவனுக்குத்தான் எழுதுகிறேன். வேறு யாருக்கும் தெரியாது.

அப்பாவுக்கும் தெரியாது. கள்ளுக்கடை மறியலில் அடிபட்டவர் ஆயிற்றே, சொன்னால் வாயைத் திறப்பாரா? அதனால் நீ அனுப்பிய மருந்து என்று சொல்லிவிட்டேன். 'சுந்தரம் மருந்து' என்றுதான் அதற்கு இப்போது பெயர். வருகிறவர்களிடமெல்லாம் சிலேட்டில் எழுதிக் காட்டிப் பெருமையடிக்கிறார். நல்ல பெயரை நீ சும்மா வாங்கிக்கொண்டாய், போ!

ஒன்று மட்டும் பயமாக இருக்கிறது. அளவு கூடினால் ஆபத்தா? எவ்வளவு வரை கொடுக்கலாம்? நீ சொல்லாமல் யார் சொல்வார்கள்?

ஆசையுடன்,
அக்கா


சுங்கை சிப்புட்
21.6.1957

அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்த கையோடு எழுதுகிறேன். நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

என்ன காரியம் செய்துவிட்டீர்கள்? அபின் என்ன சாதாரணச் சமாச்சாரமா? கையில் வைத்திருந்தாலே சிறை. இன்று கடுகளவு என்பீர்கள், நாளை மிளகளவு கேட்கும். அப்பா அபினுக்கு அடிமையாகிவிடுவார். கள்ளுக்கடை முன்னால் நின்று மறியல் செய்த மருதமுத்து மண்டோர் கடைசிக் காலத்தில் சண்டு சாப்பிட்டுச் செத்தார் என்று ஊர் பேச வேண்டுமா? நாடு நம் கைக்கு வரப்போகும் நேரத்தில், படித்த குடும்பம் நாமே சட்டத்தை மீறலாமா? என் உத்தியோகத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

இன்றோடு நிறுத்துங்கள். அந்தக் கிழவரோடு பேச்சு வேண்டாம். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி


காஜா பெராங்
1.7.1957

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் நலமாக இருங்கள். வாரக்கணக்கில் தாமதமாகும் உன் பதில் இந்தத் தடவை உடனே வந்ததைப் பார்த்து ஓடிவந்து பிரித்தேன். அளவு எழுதியிருப்பாய் என்று நினைத்தேன்.

அடிமையாகிவிடுவார் என்கிறாயே, அடிமையாக இருந்து என்ன செய்யப்போகிறார்? பொங்கல் பார்ப்பாரா என்பதே சந்தேகம். அதுவரை நிம்மதியாகத் தூங்கட்டுமே. ஊர் பேசினால் பேசட்டும். ஊர் வந்து வாய் கழுவி விடுகிறதா?

நிறுத்த மாட்டேன். இதைவிட நல்ல மருந்து ஒன்று இருந்தால் சொல், அந்த நிமிஷம் இதைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டுகிறேன். இல்லையென்றால் பேசாமல் இரு. கோபத்தில் எழுதுகிறேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. நீ வந்து ஒருமுறை அவர் முகத்தைப் பார். உனக்கே புரியும்.

அக்கா


காஜா பெராங்
24.7.1957

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? என் போன கடிதத்துக்குப் பதில் இல்லை.

முந்தாநாள் காலையில் ஜீப்பில் சர்க்கார் ஆட்கள் வந்து ஆ பெக்கைக் கொண்டுபோய்விட்டார்கள். நான் அப்போதுதான் கிண்ணத்தோடு போய்ச் சந்தில் நின்றேன். அவர்கள் முன்கடையில் எதையும் தொடவில்லை. மேசை டிராயரைத் திறக்கவில்லை, அவர் படுக்கையை உதறவில்லை. நேரே அடுப்பங்கரைக்குப் போய், சாமிப் பலகைக்குக் கீழே குனிந்து, ஊதுபத்தி டின்னை எடுத்தார்கள். ஆ பெக் என்னைப் பார்த்தார். தெரிந்தவள் மாதிரி காட்டிக்கொள்ளாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்காகத்தான் திருப்பிக்கொண்டார்.

யார் சொல்லியிருப்பார்கள் என்று கடைத்தெருவில் ஆளுக்கொரு பெயர் அடிபடுகிறது. நான் யாரையும் நினைக்கவில்லை. நினைக்க எனக்கு இஷ்டமில்லை.

அப்பா மறுபடியும் துண்டைக் கையில் எடுத்துவிட்டார். 'சுந்தரம் மருந்து தீர்ந்துவிட்டதா?' என்று எழுதினார். ஆமாம், கடிதம் போட்டிருக்கிறேன், வந்துவிடும் என்றேன். தம்பி, உன் காலில் விழுந்து கேட்கிறேன். அபின் பிடிக்கவில்லையென்றால் வேறு ஏதாவது. உன்னிடம் இல்லையென்றால் எங்கே போய், யாரிடம், என்ன பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஒரு வரி எழுது. நடந்தே போய்க் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

அக்கா


சுங்கை சிப்புட்
8.8.1957

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாங்களும் உடம்பைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

நடந்தது நல்லதற்கே என்று எடுத்துக்கொள்ளுங்கள். தாங்கள் பயப்பட ஒன்றுமில்லை. தங்கள் பெயர் எதிலும் வராது, அதற்கு நான் பொறுப்பு. கிழவருக்கும் வயதைப் பார்த்துத் தண்டனை இரண்டு மாதத்துக்கு மேல் போகாதாம். கடுமையாக நடத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

மருந்து விஷயம் முன்பே எழுதிவிட்டேன். இதற்கென்று எதுவும் இல்லை. தேவாரம் படித்துக் காட்டுங்கள், மனம் அடங்கும்.

மெர்டேக்கா அன்று தோட்டத்தில் கொடியேற்றம், எல்லா ஏற்பாடும் என் தலையில். முடிந்ததும் முதல் பஸ்ஸில் வருகிறேன். அப்பாவிடம் சொல்லுங்கள்.

தம்பி


காஜா பெராங்
14.8.1957

கலியாணசுந்தரத்துக்கு,

கடுமையாக நடத்த வேண்டாம் என்று யாரிடம் சொல்லியிருக்கிறாய்? என் பெயர் வராது என்று உனக்கு யார் வாக்குக் கொடுத்தார்கள்?

கடிதத்தைப் பல தடவை படித்துவிட்டேன். என் வாயால் கேட்க வேண்டாம் என்று பார்த்தேன், நீயே எழுதிக் கொடுத்துவிட்டாய். அந்த டின் இருந்த இடம் எனக்கும் ஆ பெக்குக்கும் உனக்கும்தான் தெரியும். உன்னை நம்பி எழுதினேன். அளவு கேட்டு எழுதினேன், சுந்தரம்.

அப்பா இன்றும் கேட்டார்.

சந்திரமதி


தந்தி
26.8.1957

அப்பா காலமானார். புறப்பட்டு வரவும். சந்திரமதி.


சுங்கை சிப்புட்
22.9.1957

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் சுகம். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்ததிலிருந்து மனசு சரியில்லை. நான் கொள்ளி வைத்த பிள்ளை. நான் இரண்டு தடவை வந்தும் தாங்கள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. என் தட்டில் சோற்றை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டீர்கள். மல்லிகாவே கவனித்துக் கேட்டாள். மூன்றாம் நாள் பால் தெளித்ததும் நான் கொடியேற்றத்துக்குத் திரும்பியது தங்களுக்கு வருத்தமாக இருக்கலாம். அது என் கடமை.

நான் செய்தது சரியென்றுதான் இன்றும் நினைக்கிறேன். சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அப்பாவுக்கும் இப்போது எந்த வலியும் இல்லை.

துக்கம் கேட்க வந்த சேதுபதி மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க மருந்துலதான்யா மனுசன் ஒரு மாசம் நிம்மதியா இருந்தாரு. செலேட்டுல எழுதி எழுதிக் காமிச்சாரு" என்றார். நான் அவரைக் கும்பிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்பா கடைசியாக என்ன எழுதினார்? என்னைப் பற்றி ஏதாவது உண்டா? பெற்ற பிள்ளைக்கு அதைத் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது.

தங்கள் தம்பி,
கலியாணசுந்தரம்


காஜா பெராங்
13.10.1957

கலியாணசுந்தரத்துக்கு,

எழுதக் கூடாது என்றிருந்தேன். உரிமை என்று எழுதியிருக்கிறாய், அதனால் எழுதுகிறேன்.

பதினாறாம் நாள் காலையில் மல்லிகா என் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவினாள். நல்ல பெண். எனக்கு ஆறுதல் சொல்ல நினைத்துப் பேச்செடுத்தாள்.

"மனசத் தேத்திக்குங்க அண்ணி. இந்த நோவு யாரத்தான் விட்டுச்சு? பெரிய தொரையோட அம்மாவுக்கும் இதேதான், வயித்துல. ஜூலை கடைசியிலதான் போனாங்க."

"அவுங்களும் ரொம்ப சிரமப்பட்டாங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல அண்ணி. டாக்டரு எழுதிக் குடுத்துட்டாரு, இவருதான் மார்ச் மாசத்துலேருந்து தெனம் சாயங்காலம் பங்களாவுக்குப் போயி மார்பின் ஊசி போடுவாரு. போட்டதும் வலி போயிடும், பேசிச் சிரிப்பாங்களாம். தூக்கத்துலயே போயிட்டாங்க. மொகத்துல ஒரு சுருக்கமில்லன்னு இவரே வந்து சொன்னாரு."

அவள் துருவிக்கொண்டே இருந்தாள். அது என்ன மருந்து என்று கேட்டேன். "அபின்லேருந்துதான் எடுக்கறாங்களாம் அண்ணி" என்றாள். அப்பாவுக்கு நீ அதைத்தான் அனுப்பினாய் என்று அவளும் நம்பிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. உன்னோடு குடும்பம் நடத்த வேண்டியவள்.

மார்ச் மாதத்திலிருந்து, கலியாணசுந்தரம். நான் முதல் கடிதம் எழுதுவதற்கு முன்னாலிருந்து. மருந்து என்று ஒன்றும் கிடையாது, ஆண்டவன்தான் தர வேண்டும் என்று எழுதினாயே, அதை எழுதிவிட்டு அன்று சாயங்காலமும் பங்களாவுக்குப் போயிருப்பாய். நான் உன் அலமாரியை உடைத்துத் திருடி வரச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள் அக்கா என்று ஒரு வரி எழுதக் கூடாதா? கொடுத்திருப்பார்களோ மாட்டார்களோ, கேட்டாவது பார்த்திருப்பேனே. துரை அம்மா அடிமையாகிவிடுவாள் என்று உனக்குப் பயம் வரவில்லை. அப்பாவுக்குத்தான் வந்தது.

சட்டம் என்கிறாய். சட்டம் ஆ பெக்கைக் கேட்டது, அவர் போய் இருந்துவிட்டு வந்தார். போன வாரம் திரும்பினார். பாதியாய் இளைத்துவிட்டார். நான் வேலியோரம் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது இதுதான்: "பாப்பா சுடா தாக் சாக்கிட்?" அப்பாவுக்கு இப்போது வலி இல்லையா என்று கேட்டார். ஜெயிலில் உட்கார்ந்துகொண்டு இதையா நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்! அப்பா நல்லபடியாகப் போய்விட்டார் என்று அவரிடம் பொய் சொன்னேன். அந்தக் கிழவருக்காவது தூக்கம் வரட்டும்.

உனக்கு அந்தப் பொய்யைச் சொல்ல மாட்டேன்.

அப்பா நல்லபடியாகப் போகவில்லை. டின் போன நாளிலிருந்து கடைசி வரைக்கும் துண்டும் பல்லுமாகத்தான் கிடந்தார். மீசையை உதட்டோடு சேர்த்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டார். மெர்டேக்கா ஒத்திகைக்குத் தெருவில் பாண்டு வாசித்துக்கொண்டு போனபோது, அந்தச் சத்தத்தில் மறுபடியும் வாய்விட்டு முனகினார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று பல முறை வாய் வரைக்கும் வந்தது. நீ அனுப்பவே இல்லை, இருந்ததையும் பிடுங்கிக்கொண்டாய் என்று சொல்லியிருந்தால், காத்துக்கொண்டிருப்பதையாவது விட்டிருப்பார். சொல்ல முடியவில்லை. அவரிடம் மிச்சமிருந்தது உன் பெயர் ஒன்றுதான்.

கடைசியாக என்ன எழுதினார் என்று கேட்டாய். இறந்த அன்று காலையில் சிலேட்டை நீட்டச் சொன்னார். பலப்பத்தை நான்தான் விரலுக்குள் வைத்தேன். 'சுந்தரம் மருந்து வந்ததா?' என்று எழுதினார். "நாளைக்கு வந்துடும்பா" என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளங்கையால் அதை அழித்துவிட்டு, கோணல் மாணலாக இன்னொன்று எழுதினார்:

'பாவம், பிள்ளைக்கு அங்கே என்ன கஷ்டமோ. தொந்தரவு பண்ணாதே.'

இனி எனக்குக் கடிதம் போடாதே.

சந்திரமதி